திராம் விலையும் ஊரணித் தண்ணீரும்

காலையில் எழுந்ததும் போனில் மூன்று விஷயம் பார்ப்பேன். துபாய்க் காசான திராம் இன்றைக்கு எத்தனை ரூபாய், கடலில் காற்று எப்படி, பத்திர ஆபீசில் சர்வர் வேலை செய்கிறதா. மூன்றாவதுக்கு ஆப் எதுவும் கிடையாது. பத்திரம் எழுதுகிற அண்ணன் ஒருவருக்கு ‘வணக்கம்ணே’ என்று மெசேஜ் போடுவேன். அவர் பதில் போடுகிற வேகத்திலேயே சர்வரின் நாடித்துடிப்பு தெரிந்துவிடும்.

டீக்கடையில் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள். “ஈரான்காரன் குண்டு போட்டா ஒனக்கு என்னப்பு? அங்கிட்டு எதுவும் பிளாட்டு போட்டு வச்சிருக்கியா?” நானும் சிரித்துக்கொண்டே டீயைக் குடிப்பேன். ஆனால் 2025 ஜூன் 23 ராத்திரி கத்தார் தன் வான்வெளியை மூடியபோது, தோஹாவில் விமானம் ஏற வேண்டிய ஒரு பையனுக்கு இங்கே நான் கிரயப் பதிவுக்கு டோக்கன் எடுத்து வைத்திருந்தேன். விற்கிறவர் சென்னையிலிருந்து வந்து லாட்ஜில் தங்கிவிட்டார். பையனின் அம்மா விடிகாலை நாலு மணிக்கு என் வீட்டு வாசலில். “தம்பி, எம்புள்ளை ஏர்போர்ட்டுல உக்காந்திருக்கானாம், மேலே ஏதோ ஏவுகணை போகுதாம்.” அந்த அம்மாவுக்குப் பதிவைப் பற்றிக் கவலை இல்லை. எனக்கு, சொன்னால் என்ன, ரெண்டும்தான். சில மணி நேரத்தில் வான்வெளியைத் திறந்துவிட்டார்கள். பையன் தாமதமாக வந்து சேர்ந்தான். வேறு டோக்கன் எடுத்து, விற்கிறவரைச் சமாதானப்படுத்தி, லாட்ஜ் வாடகையை நான் கட்டி, ஒரு வழியாகக் கையெழுத்து விழுந்தது.

திருப்புல்லாணிக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஓர் ஊர் எனக்கு. இருபது வருஷமாக மனை, வீடு, தோப்பு என்று விற்றுக் கொடுக்கிற வேலை. கார்டில் ‘ரியல் எஸ்டேட் ஆலோசகர்’ என்று அடித்திருக்கிறேன். ஊருக்குப் புரோக்கர்தான். பக்கத்துக்கு ரெண்டு பர்சன்ட் என்பது பேச்சு. ரெண்டு பக்கமும் சேர்த்து ரெண்டு வந்தாலே பெரிசு.

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, வேதாளை, தொண்டி என்று இந்தக் கரையில் எந்த ஊரில் ஒரு செங்கல் வைத்தாலும் அதில் கொஞ்சம் வளைகுடா மண் கலந்திருக்கும். இது இன்று நேற்று வந்ததும் இல்லை. அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியக் காசு கிடைத்தது, பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடு. அன்றைக்கும் எவனோ ஒரு தரகன் கரையில் நின்றுகொண்டு ‘மேற்கே என்ன செய்தி?’ என்று மாலுமியைக் கேட்டிருப்பான். நான் போனைக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

திராம் கணக்கு எளிது. அது 1997 முதல் டாலரோடு கட்டிப்போட்ட காசு. ஒரு டாலருக்கு 3.6725. ஆகவே ரூபாய் டாலரிடம் அடி வாங்கினால் திராமிடமும் அடி வாங்கும். 2013 மே மாதத் தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. துபாயில் அதே கடை, அதே சம்பளம். ஆனால் ஊருக்கு அனுப்புகிற பணம் நாலே மாதத்தில் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. டிவியில் பொருளாதாரமே கவிழ்ந்துவிட்டதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் போன் அடிக்கும், “தம்பி, அந்த எட்டு சென்ட் இன்னும் இருக்கா?” என்று. நாடு தலையில் கை வைத்த மாதத்தில் நான் புது பைக் வாங்கினேன். நினைத்தால் இப்போதும் கொஞ்சம் கூச்சம்தான்.

பணம் வந்துவிட்டால் நிலம் வந்துவிடாது. ஷார்ஜாவில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் ஒரு காக்கா ஒருநாள் கூப்பிட்டார். எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்போம். “ஏர்வாடிப் பக்கம் பனந்தோப்பா ஒரு அஞ்சு ஏக்கர் பார்த்து வையி தம்பி. ரிட்டயர்டாகி வந்து கயித்துக் கட்டில்ல படுக்கணும்.” நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். வெளிநாட்டில் குடியிருக்கிற இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம், எத்தனை வேண்டுமானாலும். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் கிரயம் வாங்க முடியாது. பூர்விகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அந்நியச் செலாவணிச் சட்டம் அப்படி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “ஏன் தம்பி, அப்ப நான் இந்தியன் இல்லையா?” என்றார். என்ன சொல்வது? “திரும்பி வந்து இங்கேயே குடியிருங்க காக்கா, அப்புறம் வாங்குங்க” என்றேன். அவர் கேட்ட கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறோர் ஆளிடம் வர வேண்டியிருக்கிறது.

உலகச் செய்திப் பைத்தியம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தார். வீட்டில் ஒரு பிலிப்ஸ் ரேடியோ. பகலில் இலங்கை வானொலிப் பாட்டு. எங்களுக்கு மதுரையைவிட அதுதான் தெளிவாகக் கேட்கும். ராத்திரி ஒன்பதேகாலுக்கு லண்டனிலிருந்து தமிழோசை. அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. என் மாமா அப்போது குவைத்தில் டிரைவர். எனக்குப் பதினோரு வயது. ஒன்றரை மாதம் கடிதம் இல்லை, போன் இல்லை. அப்பாவின் ரேடியோவைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருக்கும். அம்மான் என்று ஓர் ஊர் இருப்பதே அப்போதுதான் எங்கள் தெருவுக்குத் தெரியும். எங்கள் ஆத்தா அதை ‘அம்மன்’ என்றே நினைத்துக்கொண்டு விளக்குப் போட்டது. அங்கிருந்துதான் ஏர் இந்தியா விமானம் விமானமாக ஒரு லட்சம் பேருக்கு மேல் ஏற்றி வந்தது. மாமாவும் அதில் வந்தார். ஒரு பை, அதற்குள் ரெண்டு சட்டை, மாற்ற ஆளில்லாத கொஞ்சம் தினார்.

மாமா கீழக்கரை ரோட்டில் பன்னிரண்டு சென்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். கெடு முடிந்துபோயிருந்தது. என்னையும் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, அட்வான்சைத் திருப்பிக் கேட்கப் போனார். நிலத்துக்காரர் திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “காசைச் சதாம் உசேன்ட்டப் போயிக் கேளு” என்றார். நான் பார்த்த முதல் நிலப் பேச்சு அதுதான். இன்றைக்கு நான் எழுதவைக்கிற ஒவ்வோர் அக்ரிமெண்டிலும், வாங்குபவர் வேலை செய்யும் நாட்டில் போர், விமானத் தடை, தொற்றுநோய் வந்தால் கெடு தானாக ஆறு மாதம் நீளும் என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். பத்திரம் எழுதும் அண்ணன் அதை ‘சதாம் ஷரத்து’ என்பார்.

ஆனால் செய்தி கேட்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என்னுடைய தப்பு.

2005 ஜூலை 2 அன்று மதுரையில் சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். அன்றைக்கு ராமநாதபுரம் கரை முழுக்க ஒரே சாமி ஆட்டம். மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை உடைமரக்காட்டுக்கெல்லாம் விலை வந்தது. எனக்கு இருபத்தாறு வயது; ஒரு பழைய தரகரிடம் கைத்தடியாகச் சேர்ந்திருந்தேன். ரிட்டயர்டான வாத்தியார் ஒருவரிடம் நாற்பது சென்ட் பனங்காட்டை விற்றுக் கொடுத்தேன். “ரெண்டே வருஷம் சார், கப்பல் போகும், கன்டெய்னர் யார்டு வரும், உங்க இடம்தான் முதல்ல” என்றேன். பாக் நீரிணையில் கடலடியைத் தோண்டி, இலங்கையைச் சுற்றாமல் கப்பல் போக வழி செய்வதுதான் திட்டம் என்று பேப்பரில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். கப்பல் கடந்து போகிற இடத்தில் கன்டெய்னர் யார்டுக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் கமிஷன் வாயை அடைத்திருக்கும். 2007-இல் உச்ச நீதிமன்றம் ராமர் சேதுப் பக்கம் தோண்டுவதற்குத் தடை போட்டது, கதை முடிந்தது. வாத்தியாருக்குப் பனைமரங்கள் மிச்சம். அவர் என்னைத் திட்டவில்லை. வருஷா வருஷம் நுங்கு சீசனில் ஒரு குலையை ஆள் மூலம் கொடுத்தனுப்புவார்: “உங்க கன்டெய்னர் யார்டுல காய்ச்சதுன்னு சொல்லு.”

அந்த நுங்கைத் தின்றுகொண்டேதான் செய்தியை முழுசாகப் படிக்கப் பழகினேன். அதற்காக என் ஜோசியமெல்லாம் பலிக்கும் என்று நினைக்க வேண்டாம். 2020-இல் கொரோனா வந்து ஆளெல்லாம் திரும்பியபோது மனை விலை பாதியாகும் என்று டீக்கடையில் பந்தயம் கட்டினேன். திரும்பி வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பாதியில் நின்ற வீடுகளைக் கட்டி முடித்தார்கள். எங்கள் பக்கம் கொத்தனார் கிடைக்கவில்லை. பந்தயம் ஆறு பேருக்குப் புரோட்டா.

கச்சத்தீவைப் பற்றியும் சொல்லாவிட்டால் ராமநாதபுரத்துக்காரன் என்று நம்பமாட்டீர்கள். எங்கள் ஜில்லாவில் ஆடு மேய்க்கிறவருக்கும் 1974 ஒப்பந்தம் தெரியும். 285 ஏக்கர், நல்ல தண்ணீர் கிடையாது, அந்தோணியார் கோயில் உண்டு. தரகனாகப் பார்த்தால் தண்ணீர் இல்லாத இடத்துக்கு விலை சொல்ல எனக்குத் தெரியாது. தேர்தல் வந்தால் மட்டும் அந்த இடத்துக்குச் சென்ட் விலை ஏறும். மற்ற நாளில் படகு பிடிபட்ட வீட்டுப் பெண்கள் மட்டும் பேசுவார்கள்.

தண்ணீர் என்றதும் ஊரணிக்கு வருகிறேன். எங்கள் ஜில்லாவைத் தண்ணியில்லாக் காடு என்பார்கள். தப்புச் செய்த அரசு ஊழியரை இங்கேதான் தூக்கியடிப்பார்களாம். உண்மையில் கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உண்டு. கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக, பாலாடை மாதிரி மிதக்கும். கொட்டாங்குச்சியால் ஊற்றுத் தோண்டி மோந்தால் இனிக்கும். பேராசைப்பட்டு ஆழ்துளை போட்டு மோட்டாரை ஓடவிட்டால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும், பக்கத்துக் கிணறும் சேர்ந்து கெடும். கடல் பார்த்த மனை கேட்டுச் சென்னையிலிருந்து வருகிறவர்களிடம் முதலில் இதைச் சொல்வேன். அப்புறம் கடற்கரை விதியைச் சொல்வேன்: கிராமக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீடு கூடாது, 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு மட்டும் அதை 50 மீட்டராக்கியது. கேட்டுவிட்டுப் பாதிப் பேர் காரைத் திருப்பிவிடுவார்கள். மீதிப் பேர் வேறு புரோக்கரிடம் போவார்கள்.

சில வருஷத்துக்கு முன் வெளியூர் ஆள் ஒருவர் எங்கள் ஊர் எல்லையில் ஆறு ஏக்கர் வாங்கி மனை போட்டார். விற்றுத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார், கமிஷனும் தாராளம். வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரணிக்குக் கண்மாயிலிருந்து வருகிற வரத்துக்கால் அதில் முப்பதடி ரோடாக மாறியிருந்தது. நிலத்தில் போய்ப் பார்த்தால் கால்வாயே தெரியாது. சீமைக்கருவேலம் மூடி, அதற்கு மேல் மண் தள்ளியிருந்தார்கள். ஆனால் அரசின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று தனிப் புல எண் இருந்தது. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை. மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய மாதம் அது. பதினோராம் நாள் அப்பத்தா குடத்தோடு ஊரணிப் படியில் உட்கார்ந்து, “இந்த வருஷம் ஏன் தண்ணி வரல?” என்று கேட்டது. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, தண்ணீரைப் பார்த்துத்தான் கேட்டது. மறுநாள் வரைபட நகலும் அ-பதிவேட்டு நகலும் எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரோடு திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றேன்.

மூன்று தடவை நின்ற பிறகு சர்வேயர் வந்தார். அளந்துகொண்டே போய் ஒரு கருவேலந்தூர் பக்கத்தில் நின்று, “இங்க தோண்டுங்க” என்றார். ரெண்டடி தோண்டினதும் கடப்பாரை ‘ணங்’ என்றது. மண்ணைத் தள்ளினால் தலையில் கோடு கொத்திய பழைய எல்லைக்கல், சாயாமல் நிற்கிறது. ஊரில் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள், சிலர் கும்பிடவும் செய்தார்கள். மனை போட்டவர் சண்டைக்கு வரவில்லை. கணக்கு தெரிந்த ஆள். வரைபடத்தை மாற்றி, கால்வாயை விட்டுவிட்டார். எனக்கு மட்டும் அதற்குப் பிறகு போன் செய்வதில்லை.

அப்புறம் தூர் வாருகிற வேலை. துபாய், தம்மாம், மஸ்கட் பையன்கள் வாட்சாப் குழுவில் ஜேசிபியை மணிக்கணக்கில் பிரித்துக்கொண்டார்கள். ‘எனக்கு ரெண்டு மணி நேரம்’, ‘எனக்கு ஒண்ணு, அடுத்த மாசம் இன்னொண்ணு’. அந்த வாரம் திராம் ஏறியிருந்ததால் வந்த பணத்தில் கலுங்குக்கும் சேர்த்துச் சிமெண்ட் பூசினோம். ஐப்பசி மழையில் தண்ணீர் வந்தது. கலங்கலாக, கருவேலங்காயெல்லாம் மிதந்துகொண்டு.

இப்போது அந்த இன்னோர் ஆள்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பெயிண்ட் வேலைக்கு வருகிற ஒருவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். நான் விற்றுக் கொடுத்த வீடுகள் பலவற்றுக்கு அவர்தான் வர்ணம் அடித்தார். 1990-இல் அவருடைய அப்பா அம்மா மன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கினார்கள். ஆமாம், என் மாமா பையோடு வந்த அதே வருஷம். இவர் பிறந்தது 1993-இல், இங்கே. ஒருநாள் வேலை முடிந்து கையைத் தின்னர் போட்டுத் துடைத்துக்கொண்டே, “அண்ணே, உச்சிப்புளிப் பக்கம் ரெண்டு சென்ட் கிடைக்குமா? பிள்ளைகளுக்கு ஒரு இடம்” என்றார். சேர்த்து வைத்த பாஸ்புக்கைக் காட்டினார். ரெண்டு சென்டுக்குத் தாராளமாகக் காணும்.

பதில் எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும், பார்த்துச் சொல்கிறேன் என்று ரெண்டு நாள் தள்ளிப்போட்டேன். இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கி முன்அனுமதி இல்லாமல் இந்தியாவில் மனை வாங்க முடியாது. குத்தகை என்றாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் கூடாது. இங்கே பிறந்தவர்தானே என்றால், 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தால் மட்டும் போதாது, அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை பெயர் இல்லை. ஆதார் இருக்கிறது, தமிழ் இருக்கிறது, ரெண்டு சென்டுக்குப் பணமும் இருக்கிறது. ஷார்ஜா காக்காவுக்குத் தோப்பு மட்டும்தான் கிடைக்காமல் போனது.

இவர் காக்காவைப் போலக் கேள்வி கேட்கவில்லை. “வேற யார் பேர்லயாவது?” என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். நண்பன் பெயரில் வாங்கி, நண்பனின் மகன் காலத்தில் தெருவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வருஷக் குத்தகையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். “முப்பது வருசமா அதைத்தானேண்ணே செய்யுறம். அஞ்சு அஞ்சு வருசமா.” பாஸ்புக்கைப் பாலிதீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

2022 மார்ச்சில் இலங்கையில் அரிசி, மண்ணெண்ணெய், மருந்து எதுவும் கிடைக்காமல் ஆட்கள் மறுபடி தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியபோது எங்கள் ஊரிலிருந்து துணியும் பிஸ்கட்டும் கட்டிக்கொண்டு போனோம். முகாமில் மூட்டைகளை இறக்கி வைத்தவர்களில் இவரும் ஒருவர். புதிதாக வந்த ஒரு கைக்குழந்தைக்காரியிடம், “பயப்படாதேங்கோ, இங்க கொஞ்ச நாள்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன மாதம் எங்கள் ஊர் நூலகத்துக்கு வெள்ளையடித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் நான் உட்காருவேன். பட்டா மாறுதல் மனு, வில்லங்கச் சான்று, பவர் பத்திரம் என்று எதற்கு வந்தாலும் காசு வாங்காமல் எழுதிக் கொடுப்பேன். பின்னால் சுவரில் மதுரையில் வாங்கிய பெரிய உலகப் படம். மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று தாய்மார்கள் கேட்டால் அதில் விரல் வைத்துக் காட்டுவேன். வர்ணம் அடிக்க அவரையே கூப்பிட்டேன். படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு ரெண்டு நாள் அடித்தார். முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஸ்டூலில் ஏறி நின்று, படத்தைச் சுவரில் பிடித்துக்கொண்டு, எவ்வளவு உயரம் என்று கேட்டார். பழைய உயரமே இருக்கட்டும் என்றேன்.

“கொஞ்சம் இறக்கலாம்ணே. சின்னப் பிள்ளைகளுக்கு எங்கட இடம் தெரியாது.”

எந்த இடத்தைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவர் கட்டைவிரல் படத்தின் மேல் இருந்தது. ராமேஸ்வரம், மன்னார் இரண்டையும் அது மூடியிருந்தது. ஓரடி கீழே இறக்கினோம். வர்ணம் சரியாகக் காயவில்லை, ஆணி இரண்டு தடவை வழுக்கியது.